ஷட்டர் ஸ்பிரிங் சக்கரம்

காளீஸ்வரி ஒரு நாளைக்கு உதிரிகளைச் சேர்த்து இருபத்திரண்டு சைக்கிள் பூட்டுவார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள்கள் லாரியில் துண்டு துண்டாக வந்து இறங்கும். பிரேம் ஒரு கட்டு, ஹேண்டில்பார் ஒரு கட்டு, ரிம் ஒரு கட்டு. பள்ளி மைதானத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து அவற்றைச் சைக்கிளாக்குவது ஒப்பந்தக்காரர் வைத்திருக்கும் ஆட்களின் வேலை. காளீஸ்வரி இருக்கும் குழுவில் பதினாறு பேர். பதினைந்து பேர் ஆண்கள். அவர்களில் வேகமானவர் பதினெட்டு பூட்டுவார். கூலி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஏன் என்று காளீஸ்வரி கேட்டார். பெண்களுக்கு வேகம் வராது என்று ஒப்பந்தக்காரர் விளக்கினார். அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது காளீஸ்வரி அன்றைய இருபத்திரண்டாவது சைக்கிளுக்கு பெல் மாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பிறந்தது நாச்சியாபுரத்தில், ஒரு தச்சுக் குடும்பத்தில். அந்த வீட்டில் ஆண்களுக்கு உளி, பெண்களுக்கு மரத்தூள் பெருக்கும் விளக்குமாறு. பெண் தொட்டால் உளி மழுங்கிவிடும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். ஆறாம் வகுப்பு படிக்கும்போது காளீஸ்வரி ஒரு மதியம் வீட்டிலிருந்த ஏழு உளிகளையும் தொட்டுவைத்தார். மறுநாள் அப்பா அதே உளிகளால் நிலைக்கதவு செதுக்கினார். ஒன்றும் மழுங்கவில்லை. இந்த முடிவைச் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்ததும் அடி விழுந்தது. பிற்பாடு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். அந்த வகுப்பிலும் அவர் ஒருவர்தான் பெண். கருவிகள் அங்கேயும் மழுங்கவில்லை.

இப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. காரைக்குடி பக்கம் மானகிரிக்கு அங்குட்டு உள்ள வேலங்குண்டு என்ற சின்ன ஊரில் வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருப்பார். பள்ளி சைக்கிள் வராத மாதங்களில் காளீஸ்வரி வீட்டு வாசலில் பஞ்சர் ஒட்டுவார், ரிம்மில் கோட்டம் எடுப்பார். சக்கரத்தைச் சுழலவிட்டு, கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி, எது தொய்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். தெய்வ அருள் என்றார்கள். பதினெட்டு வருடப் பழக்கம் என்றார் அவர். முதல் விளக்கம்தான் ஊரில் நிலைத்தது.

அவருடைய வீட்டுக்கு எதிர்வீட்டில் இருப்பவர் ராஜப்ரியா. இருபத்தொன்பது வயது, கணக்கு படித்தவர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போன வேன் கவிழ்ந்ததில் முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போன ஜென்மத்தில் செய்த பாவம் என்று சொந்தக்காரர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த ஓட்டுநர் தொடர்ந்து பத்தொன்பது மணி நேரம் வண்டி ஓட்டியிருந்தார், ஓட்ட வைத்தவர் வேன் முதலாளி. முதலாளியின் ஜென்மத்தை யாரும் விசாரிக்கவில்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. உட்கார்ந்த இடத்தில் தோல் அழுந்தி, உரசி, புண்ணாகும். உணர்ச்சி இல்லாததால் வலிக்காது. வலிக்காததால் தெரியாது. தெரியவரும்போது எலும்பு வரை போயிருக்கும். ராஜப்ரியாவுக்கு ஒருமுறை அப்படி வந்து, ஐந்து மாதம் குப்புறப் படுத்துக் கிடந்துதான் ஆறியது. "ஆறின தோல் காகிதம் மாதிரி. இன்னொரு தடவை கிழிஞ்சா ஆபரேஷன். ஒரு வருஷம் எந்திரிக்க முடியாது" என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். குலுங்கக் கூடாது என்றும் சொன்னார்.

குலுங்கக் கூடாது என்று வேலங்குண்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்வது, நனையக் கூடாது என்று மீனிடம் சொல்வதைப் போன்றது. ஊருக்கும் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கும் நடுவே ஆயிரத்து நானூறு மீட்டர் சாலை. இரண்டு வருடத்துக்கு முன் பழைய தாரைப் பெயர்த்தார்கள், கருங்கல் ஜல்லி கொட்டினார்கள், ரோலர் ஒருமுறை போய் ஒருமுறை வந்தது. அதன்பின் யாரும் வரவில்லை. பஸ் நின்றுபோனது. ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டு, கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அந்த நடுநிலைப் பள்ளியில்தான் ராஜப்ரியாவுக்குக் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. தேர்வு எழுதி, இரண்டு வருடம் காத்திருந்து வந்த உத்தரவு. புண் ஆறட்டும் என்று ஒருமுறை தவணை வாங்கியாயிற்று. இனி ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பள்ளிக்கு அருகே வாடகை வீடு தேடினார்கள். இரண்டு வீடு காலியாக இருந்தது. நாற்காலியைப் பார்த்ததும் இரண்டும் காலியில்லாமல் போயின.

மே மாதக் கடைசியில் ஒருநாள் ராஜப்ரியாவின் அம்மா சோணையம்மாள், காற்றடிக்கச் சொல்லி நாற்காலியைக் காளீஸ்வரியிடம் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏத்தா காளி, காத்தக் கொஞ்சம் கம்மியா வையி. மெத்துன்னு போகும்ல?"

"மெத்துன்னு போனா ரிம்மு வாயப் பொளந்துரும் பெரிம்மா. அந்த ஜல்லிக்குக் காத்தெல்லாம் பத்தாது."

"அப்ப என்னதான் பத்தும்?"

பதில் இல்லாத கேள்வி காளீஸ்வரிக்கு ஒத்துக்கொள்வதில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் கணவர் போனில் கேள்விப்பட்டு, காய்ச்சலா என்று விசாரித்தார்.

நாற்காலியின் சட்டத்தில் ஷாக் அப்சார்பர் வைக்கலாம். ஆனால் அது முகாமில் கொடுத்த நாற்காலி. இரண்டு இடத்தில் வெல்டிங் விட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது, மூன்றாவதாக ஒரு ஓட்டை தாங்காது. அதனால் சக்கரத்துக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். நடு அச்சையும் ரிம்மையும் முப்பத்தாறு கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கம்பிகளை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் மூன்று எஃகு வளையங்களை அந்த இடத்தில் வைத்தால், கல் மேல் ஏறும்போது ரிம் மட்டும் ஏறும், அச்சு அப்படியே போகும். காகிதத்தில் இது வேலை செய்தது. வேலங்குண்டில் காகிதத்தில் நிறைய விஷயங்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

வளையத்துக்கு எஃகு எங்கே? காரைக்குடியில் கடைகளுக்கு ஷட்டர் மாட்டுகிற பாண்டிமுருகனிடம் போனார். ஷட்டரை மேலே தூக்கிவிடுவது, மேல் உருளைக்குள் சுருண்டிருக்கும் பட்டை ஸ்பிரிங். பழசானதை அவர் சுருட்டிக் கட்டி, கடைக்குப் பின்னால் போட்டுவைத்திருந்தார்.

"எத்தன வேணும்க்கா? எந்தக் கடை ஷட்டரு?"

"ஷட்டருக்கு இல்ல தம்பி, சக்கரத்துக்கு."

"சக்கரத்துக்கு எதுக்குக்கா ஷட்டர் ஸ்பிரிங்கு? வெயில் கியில் ஏறிருச்சா?"

"ஏறிருச்சு. நீ கட்ட அவுத்துராத, மூஞ்சியில அடிக்கும்."

அது பாண்டிமுருகனின் தொழில். ஆனாலும் அன்று அவர் அசட்டையாகக் கட்டை அவிழ்த்தார், ஸ்பிரிங் அடித்தது. நெற்றியில் இரண்டு தையல். அதற்குப் பிறகு காளீஸ்வரி சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்தார்.

முதல் சக்கரத்தில் பட்டையை அச்சோடு வெல்டு வைத்தார் காளீஸ்வரி. ஸ்பிரிங் எஃகு சூடு பட்டால் ஸ்பிரிங்காக இருப்பதை நிறுத்திவிடும். இது ஐ.டி.ஐ. முதல் வருடப் பாடம். அவருக்கும் தெரியும். ஒரு புள்ளி வெல்டுதானே என்று நினைத்தார். மூன்றாவது கல்லில் வெல்டுக்குப் பக்கத்திலேயே உடைந்தது. பாடப்புத்தகம் அவருக்காக விதிவிலக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. அடுத்ததில் வெல்டே இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே பட்டையை வைத்து, பழைய டியூப் ரப்பரைக் கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கினார். நின்றது. முன்னால் இருந்த சின்னச் சக்கரங்கள் ஜல்லியில் புதைந்ததால் அவற்றையும் கழற்றிவிட்டு, நடுவில் குழந்தை சைக்கிளின் சக்கரம் ஒன்றை மாட்டினார்.

சோதிக்க வேண்டும். ராஜப்ரியாவை வைத்துச் சோதிக்க முடியாது. அவர் எடை ஐம்பத்திரண்டு கிலோ. அதனால் இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை இரண்டை நாற்காலியில் கட்டி, மேலே ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, ஜல்லியில் ஐம்பது மீட்டர் தள்ளினார். தண்ணீர் சிந்தவே இல்லை. காளீஸ்வரி ஜெயித்துவிட்டதாக நினைத்து, அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் ராஜப்ரியா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அரிசி மூட்டை குலுங்கினா உள்ள அரிசி நகந்து அமுங்கிக்கும்க்கா. அடி எல்லாத்தையும் அதே வாங்கிக்கிரும். அதுக்கு மேல இருக்குற செம்புக்கு எப்படித் தெரியும்? அரிசிக்கு முதுகுத்தண்டு இல்ல."

"அப்ப நீ சொல்லேன், குலுங்குதா இல்லையான்னு. ஏறி உக்காரு."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் அரிசிக்கும் அந்த விஷயத்துல வித்தியாசம் இல்ல."

உட்காருபவருக்கு உணர்ச்சி இல்லை, மூட்டைக்கும் இல்லை. குலுக்கலை அளக்க, குலுங்கினால் காட்டிக்கொடுக்கிற ஒரு பொருள் வேண்டும். அதைச் சொன்னது சோணையம்மாள். அவர் காரைக்குடியில் பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு இடத்தில் வேலை பார்ப்பவர்.

"எங்க எடத்துல கூரியர்காரன் ஒழுங்காக் கொண்டுபோறானா இல்லையான்னு எப்படிப் பாப்போம் தெரியுமா? பெட்டியில அடில தேன்குழல வப்போம். அங்குட்டுப் போயி எறங்குனதும் எத்தன ஒடஞ்சிருக்குன்னு கேப்போம். தேன்குழலு பொய் சொல்லாது."

தேன்குழல் முறுக்கு இனத்தைச் சேர்ந்தது, முறுக்கை விட மெல்லியது, சும்மா முறைத்துப் பார்த்தாலே உடையும். ஒரு தகர டின்னில் இருபத்தைந்து தேன்குழலை அடுக்கி, டின்னை இருக்கையில் வைத்து, மேலே பலகை, அதன் மேல் மூட்டை. ஒவ்வொரு முறையும் அதே ஐம்பது மீட்டர், அதே வேகம், தள்ளுவது அதே ஆள். ராஜப்ரியா நோட்டில் எழுதிக்கொண்டார். பழைய கம்பிச் சக்கரத்தில் இருபத்தொன்று உடைந்தது. ஒற்றைப் பட்டை வளையச் சக்கரத்தில் பதினாறு. மெல்லிய பட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கியதும் ஒன்பது. தண்ணீர் சிந்தாத அந்தப் பெருமைக்குரிய சக்கரம் பதினாறு உடைத்ததுதான்.

உடைந்ததைத் தின்ன ஆட்கள் சேர்ந்தார்கள். சில நாட்களில் ஊரின் அறிவியல் ஆர்வம் கண்கூடாக வளர்ந்தது. நல்ல முடிவு வந்த நாட்களில் முணுமுணுப்பு எழுந்தது. "என்னக்கா, இன்னைக்கு நாலுதான் ஒடஞ்சுச்சாமே, எங்களுக்கெல்லாம் என்ன?" என்று வருத்தப்பட்டார்கள்.

வளையம் மென்மையானால் வேறு தொல்லை வந்தது. கையால் ரிம்மைத் தள்ளினால் ரிம் முதலில் சுற்றியது, நாற்காலி யோசித்துவிட்டுப் புறப்பட்டது. ராஜப்ரியா ஊருக்குள் ஏறி ஓட்டிப் பார்த்தார்.

"எங்க மாமா மாதிரி இருக்குக்கா. எந்திரிங்கன்னு சொல்லி அர நிமிஷம் கழிச்சுத்தான் எந்திரிப்பாரு."

"உங்க மாமாவுக்கு வளையத்த மாத்தி மாட்ட முடியாது. இதுக்கு முடியும்."

ஒரு வளையத்தை வலம்புரியாகவும் அடுத்ததை இடம்புரியாகவும் மாட்டினார். மாமாத்தனம் குறைந்தது. ஜூலை முதல் வாரத்தில் கணக்கு நான்கில் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. அப்போது ராஜப்ரியா, எதற்கும் இருக்கட்டும் என்று, மெயின் ரோட்டில் நல்ல தார் உள்ள ஐம்பது மீட்டரில் பழைய கம்பிச் சக்கரத்தை வைத்துத் தள்ளச் சொன்னார். மூன்று உடைந்தது.

ராஜப்ரியா நோட்டைக் காளீஸ்வரியிடம் காட்டினார். நாற்பது நாள் உழைப்பு, பதினோரு சக்கரம், பாண்டிமுருகனின் நெற்றித் தையல் எல்லாம் சேர்ந்து சாதித்தது நான்கு. ஒரு ரோலரும் கொஞ்சம் தாரும் சாதிப்பது மூன்று.

"நம்மள வச்சு வேடிக்க பாத்திருக்காங்க டீச்சர்" என்றார் காளீஸ்வரி. கோபம் வந்தால் அவர் ராஜப்ரியாவை டீச்சர் என்பார். அப்போது ராஜப்ரியா இன்னும் டீச்சர் ஆகியிருக்கவில்லை.

ஜூலை பதினான்கு காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. வாசலில் சோணையம்மாள் மூன்று சக்கரங்களுக்கும் அடியில் மூன்று எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். தேன்குழலை எண்ணி குலுக்கலை அளக்கச் சொன்ன அதே சோணையம்மாள்தான். புது வண்டி எடுத்தால் பழம் நசுங்க வேண்டும், நசுங்கினால் திருஷ்டி போகும். காளீஸ்வரி நாற்காலியைத் தள்ளினார். சக்கரம் பழத்தின் மேல் ஏறி, வளைந்து கொடுத்து, இறங்கியது. மூன்று பழமும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

"ஆத்தி, நசுங்கலையே" என்றது கூடியிருந்தவர்களில் ஒரு குரல். பஸ்ஸுக்கு அடியில் பழம் நசுங்குவது பஸ் எட்டுப் பத்து டன் இருப்பதால். நாற்காலி ராஜப்ரியாவோடு சேர்த்தே எழுபது கிலோ. இதை அங்கே விளக்க நேரமில்லை.

"இன்னைக்கு வேண்டாம் காளி. சகுனம் சரியில்ல. புதன்கெழம நல்ல நாளு."

"புதன்கெழம வேற ஒருத்தி அங்க கையெழுத்துப் போட்டுருப்பா பெரிம்மா."

"புள்ள போயி அங்க ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டா? அந்தப் புண்ணு மறுபடி வந்தா யாரு பாக்குறது? நீ பாப்பியா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஐந்து மாதம் புண்ணைக் கழுவிக் கட்டியவர் அவர்தான். காளீஸ்வரி குனிந்து மூன்று பழங்களையும் வரிசையாக வைத்தார். செருப்புக் காலால் ஒவ்வொன்றாக மிதித்தார். சாறு தெறித்தது.

"நசுங்கிருச்சு. போவமா?"

எட்டு ஐம்பதுக்கு ராஜப்ரியா கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் சோணையம்மாள் கண்ணாடி வைத்து மகளின் தோலைப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுநாளும் சரியாக இருந்தது. ஒரு யூடியூப்காரர் வந்து படம் எடுத்துப் போனார். பின்னணியில் சோக இசை சேர்த்திருந்தார்.

ஆனால் நான்கு என்பது பூஜ்யம் இல்லை. ஐம்பது மீட்டருக்கு நான்கு என்றால், போக வர இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கு ஆசிரியைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழாவது வாரம் பழைய வடுவின் மேல் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்தது. தோல் கிழியவில்லை. மருத்துவர் ஆறு வாரம் குப்புறப் படுக்கச் சொன்னார். ராஜப்ரியா படுத்துக்கொண்டே எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தினார். காளீஸ்வரி வளையங்களைக் கழற்றிப் பார்த்தார். இரண்டில் மயிரிழை விரிசல்.

"என்னால ஆனது இவ்வளவுதான் பிரியா. மாசாமாசம் வளையம் மாத்தலாம். மிச்சத்த ரோடுதான் செய்யணும்."

சாலையைப் போட்டு முடிக்கச் சொல்லி மனு எழுதினார்கள். தேன்குழல் கணக்கையும் சுத்தமாகப் பட்டியல் போட்டு இணைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து உதவிப் பொறியாளர் கார்த்திகேய சிவம் பைக்கில் வந்தார். மெயின் ரோட்டிலேயே பைக்கை நிறுத்திவிட்டு நடந்துதான் வந்தார், பைக்குக்கு ஆகாது என்று. சக்கரத்தை உட்கார்ந்து உண்மையான ஆர்வத்தோடு பார்த்தார்.

"யாரும்மா செஞ்சீக? பிரமாதமா இருக்கே! ஷட்டர் ஸ்பிரிங்கா? ஐடியா!" என்று நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார். அப்புறம் படிவத்தை எடுத்தார்.

"மனுதாரர் நீங்கதான? இந்த ரோட்டுல போறப்ப வலி, வேதன ஏதும் தெரியுதாம்மா?"

"எனக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கெடையாது சார்."

"அப்ப வலி இல்ல."

"வலி தெரியாது சார். அதனாலதான் ஆபத்தே. புண்ணு வந்தாக்கூட—"

"புரியுதும்மா, புரியுது. ஆனா இங்க 'ஆம்', 'இல்லை'ன்னு ரெண்டு கட்டந்தான் இருக்கு."

அவர் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கெட்ட மனிதர் இல்லை. கிளம்பும்போது காளீஸ்வரியிடம், இதற்குக் காப்புரிமை வாங்குங்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, ஜல்லியில் கவனமாகக் கால் வைத்து நடந்து போனார்.

பதில் தபாலில் வந்தது. மூன்று வரி. மேற்படி சாலை ஆயிரத்து நானூறு மீட்டர் நீளத்துக்குத் தார்ச்சாலையாக மேம்படுத்தப்பட்டுப் பணி நிறைவுற்றதாகப் பதிவேட்டில் உள்ளது. மனுதாரர் சிறப்புச் சக்கரம் பொருத்திய நாற்காலியில் வலியின்றிச் சென்று வருவது நேரில் கண்டறியப்பட்டது. மனு முடித்து வைக்கப்படுகிறது.

காளீஸ்வரி அதை இரண்டு முறை படித்தார். எந்த நாட்டிலும் சாலை கெட்டால் சாலையைச் சரிசெய்வார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவர் செய்த சக்கரத்தையே சாட்சியாக நிறுத்தி, இல்லாத சாலையை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆறு வார ஓய்வு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. மருத்துவ விடுப்பு அதற்கு மேல் இல்லை. அதே ஜல்லியில் மறுபடி போனால் தோல் கிழியும். கிழிந்தால் ஒரு வருடம். வேலை போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காளீஸ்வரி மண்வெட்டியோடு சாலைக்குப் போனார். நாற்காலிக்குத் தேவை மூன்றடி அகலம். ஜல்லியைச் சுரண்டி ஓரமாகத் தள்ளினால் அடியில் இறுகிய செம்மண். முதல் ஐம்பது மீட்டர் அவர் தனியாகச் சுரண்டினார். பிறகு சோணையம்மாள் சட்டியோடு வந்தார். மதியத்துக்குள் பத்தொன்பது பேர். பாண்டிமுருகன் காரைக்குடியிலிருந்து வந்து, தானாகவே ஸ்பிரிங் எதையும் தொடாமல் மண்வெட்டியை மட்டும் தொட்டார். வேலை நாட்களில் விடிகாலையிலும் அடுத்த ஞாயிறு முழுவதும் சுரண்டினார்கள். பள்ளி வாசல் வரை மூன்றடிப் பாதை ஓடியது, வகிடு எடுத்ததைப் போல. எடுத்த ஜல்லியை ஓரத்தில் நேராகக் குவித்து வைத்தார்கள். ஒரு கல்லைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. திங்கட்கிழமை ராஜப்ரியா அந்தப் பாதையில் பள்ளிக்குப் போனார்.

வியாழக்கிழமை நோட்டீஸ் வந்தது. இந்த முறை தபாலில் இல்லை, ஆள் மூலம், கையெழுத்து வாங்கிக்கொண்டு. மனுவுக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்ட அலுவலகம், இதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டது.

வேலங்குண்டு சாலையில் பரப்பப்பட்டிருந்த, அரசுக்குச் சொந்தமான நாற்பது மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லியை, ஆயிரத்து நானூறு மீட்டர் நீளத்துக்கும் மூன்றடி அகலத்துக்கும், சுமார் அறுபது கன மீட்டர் அளவுக்குப் பெயர்த்து அப்புறப்படுத்தியது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். கீழே கார்த்திகேய சிவத்தின் கையெழுத்து. பெறுநர் பட்டியலில் முதல் பெயர் காளீஸ்வரி, சைக்கிள் மெக்கானிக்.

"ஐயோ, ஜெயிலுக்கா?" என்றார் சோணையம்மாள்.

காளீஸ்வரி முந்தைய கடிதத்தை எடுத்து வரச் சொல்லி, இரண்டையும் பஞ்சர் ஒட்டும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஃபிட்டர்களுக்கு இது பழக்கம். பொருத்த வேண்டிய இரண்டு உறுப்புகளை முதலில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், பொருந்துமா என்று.

"பிரியா, இங்குட்டு வா. மொதக் கடுதாசியில ரோடு என்ன ரோடு?"

"தார் ரோடு. வேலை முடிஞ்சிருச்சு."

"ரெண்டாவதுல?"

ராஜப்ரியா படித்தார். பாதியில் நிறுத்தினார். "ஜல்லி. அளந்துருக்காங்கக்கா. அறுபது கன மீட்டர்னு அவங்களே அளந்து எழுதியிருக்காங்க."

"ரெண்டுலயும் கையெழுத்து?"

"ஒரே ஆளு."

விளக்கத்தை ராஜப்ரியாவின் கையெழுத்தில் காளீஸ்வரி சொல்லச் சொல்ல எழுதினார்கள். அதன் நகல் காளீஸ்வரி வீட்டில் இருக்கிறது. முழுவதும் இவ்வளவுதான்:

"ஐயா, ஜல்லியைச் சுரண்டியது நாங்கள்தான். பத்தொன்பது பேரின் கையெழுத்தும் கீழே உள்ளது. ஜல்லி முழுவதும் சாலை ஓரத்திலேயே இருக்கிறது, வந்து எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஜல்லியின் மேல் போடப்பட்டிருந்ததாகத் தங்களின் முந்தைய கடிதம் கூறும் தாரை நாங்கள் எடுக்கவில்லை. நாங்கள் போனபோது அது அங்கே இல்லை. ஆயிரத்து நானூறு மீட்டர் தாரைத் திருடியவர் யார் என்று கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இரண்டு கடிதங்களின் நகலும் இணைத்துள்ளோம்."

பதிவுத் தபாலில் ஒன்று அந்த அலுவலகத்துக்கு. அதே கடிதங்களின் நகல் அதற்கு மேலே உள்ள அலுவலகத்துக்கு ஒன்று, அதற்கும் மேலே ஒன்று, கணக்குத் தணிக்கைக்கு ஒன்று, லஞ்ச ஒழிப்புக்கு ஒன்று.

திருடனைக் கண்டுபிடித்துவிட்டதாக இன்றுவரை யாரும் எழுதவில்லை. விசாரணை எதுவும் நடந்ததாகவும் தகவல் இல்லை. வேலங்குண்டுச் சாலையைப் போட்டதாகக் கணக்குக் காட்டிய ஒப்பந்தக்காரருக்கு இப்போது பக்கத்து ஊர்ச் சாலை கிடைத்திருக்கிறது. கார்த்திகேய சிவம் மாற்றலாகிப் போனார், போகும் முன் காளீஸ்வரிக்குப் போன் செய்து, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீக" என்று கேட்டார். "நான் என்ன சார் பண்ணேன், ரெண்டையும் நீங்கதான எழுதுனீக" என்றார் காளீஸ்வரி.

ஆனால் தபால் போட்ட பதினோராவது நாள் காலை தார் அடுப்பும் ரோலரும் வந்து நின்றன. யார் அனுப்பினார்கள் என்று ஓட்டுநருக்கும் தெரியவில்லை. எந்தத் திறப்பு விழாவும் இல்லை. பதிவேட்டில் இரண்டு வருடத்துக்கு முன்பே முடிந்த சாலையை எப்படித் திறப்பது? நான்கு நாளில், ஓரத்தில் குவித்திருந்த ஜல்லியையும் பரப்பி, மேலே தார் போட்டு முடித்துவிட்டு, வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

தார் ஆறிய மறுநாள் ராஜப்ரியா அந்தச் சாலையில் முதல்முறையாக யாரும் தள்ளாமல் தானே ஓட்டிப் போனார். வளையச் சக்கரத்தையே வைத்துக்கொண்டார். நான்கையும் மூன்றையும் சேர்த்தால் என்ன வரும் என்று பார்க்கலாம் என்றார். அது கூட்டல் கணக்கு இல்லை என்று காளீஸ்வரி வாதாடிப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்துச் சோணையம்மாள் கண்ணாடியில் பார்த்தபோது சிவப்பு போயிருந்தது. மருத்துவரிடமும் காட்டினார்கள். தோல் நன்றாக இருக்கிறது, எந்த வைத்தியம் பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார்.

"அறுபது கன மீட்டர் ஜல்லி வெட்டுனோம் டாக்டர்" என்றார் சோணையம்மாள்.

மருத்துவர் அதைச் சீட்டில் எழுதவில்லை. வழக்கமான களிம்பையே எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ராஜப்ரியா எட்டாம் வகுப்புக்குப் பின்னங்களைத் தொடங்கினார்.